வேகன்ஆர் பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றி ஏர் எடுப்பது: எந்தச் சக்கரம் முதலில்?

ஈரோடு_நாலுசக்கரம்

வண்டி 2014 வேகன்ஆர், பெட்ரோல். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். ஏபிஎஸ் கிடையாது. டப்பாவில் இருக்கிற பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. பெடல் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கு. அடுத்த மாதம் வால்பாறை போகிறோம், 40 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். அதற்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். ஜாக்கி, ஸ்டாண்டு, ரிங் ஸ்பேனர் செட் எல்லாம் இருக்கு. பெடல் அமுக்க வீட்டில் ஆள் உண்டு.

தெரிய வேண்டியது இவ்வளவுதான். பிரேக் ஆயிலில் டாட் 3 தரம் வாங்கணுமா, டாட் 4 வாங்கணுமா? எத்தனை மில்லி தேவைப்படும்? எந்தச் சக்கரத்தில் ஆரம்பிக்கணும்? யூடியூபில் ஆளுக்கு ஒரு வரிசை சொல்றாங்க. பின்சக்கர நிப்பிள் (ஏரையும் பழைய ஆயிலையும் வெளியே விடுகிற ஸ்க்ரூ) ரெண்டும் துருப்பிடிச்சுப் போயிருக்கு, அதைத் தொடலாமா?

---

திருகாணி

முதலில் ஆயில். வண்டியில் இருக்கும் ஆயில் டப்பா மூடியிலேயே எந்த டாட் என்று அச்சிட்டிருக்கும், அதுதான் கணக்கு. மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம், தப்பில்லை. இரண்டும் ஒரே கிளைக்கால் வகை, கலந்தாலும் ஒன்றும் ஆகாது. டாட் 4 என்று இருந்தால் டாட் 3-க்கு இறங்க வேண்டாம். டாட் 5.1 கூட இதே குடும்பம்தான். ஆனால் வெறும் டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான். அந்தப் பக்கமே போகாதீர்கள். மற்றதோடு சேராது, உள்ளே இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சாமல் பள்ளத்தில் தேங்க விட்டுவிடும்.

மலை இறங்குகிறீர்கள் என்பதால் கொதிநிலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஈரம் 3.7 சதவீதம் ஏறிய பிறகு இந்தக் கணக்கு 140, 155 என்று இறங்கிவிடும். பழைய ஆயிலின் ஆபத்து முழுக்க இந்த இறக்கத்தில்தான். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சூடேறி, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அவ்வளவுதான், பெடல் தரைக்குப் போகும். இறக்கம் முடிந்து வண்டியை ஓரமாக நிறுத்திய சில நிமிடத்தில்தான் பலருக்கு இது நடக்கும். ஓடும்போது டிஸ்க்கில் காற்று படுகிறது. நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடும், டிஸ்க்கின் சூடு முழுக்க காலிப்பருக்குள் இறங்கும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தெளிவாக இருக்கும் ஆயிலிலும் ஈரம் நிறைய இருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

அளவு: அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்குங்கள். முழுதும் செலவாகாது, 600 முதல் 700 மி.லி. போகும். ஆனால் மூன்றாவது சக்கரத்தில் நிற்கும்போது ஆயில் தீர்ந்து கடைக்கு ஓடுவது மாதிரி எரிச்சல் வேறில்லை. சீல் உடைத்த பழைய டப்பா வீட்டில் இருந்தால் அதை ஊற்றாதீர்கள். மூடியைத் திருகி வைத்திருந்தாலும் ஈரம் ஏறியிருக்கும்.

தேவையான சாமான்: நிப்பிள் அளவுக்கு ரிங் ஸ்பேனர் (8 அல்லது 10 இருக்கும், முன்னும் பின்னும் வேறாக இருக்கலாம், போட்டுப் பாருங்கள்), உள்விட்டம் 5 மி.மீ. உள்ள ஒளி ஊடுருவும் டியூப் ஒரு மீட்டர், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், 50 மி.லி. சிரிஞ்ச், பழந்துணி, ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். துடைத்தால் பரவும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து போய்விடும். ஃபெண்டர் மேல் ஒரு பழைய போர்வை போட்டுவிடுங்கள்.

வேலைக்கு வருவோம். தரை சமமாக இருக்கணும். பின்பக்கம் தூக்கும்போது முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி கீழே கை விடாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றித் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். சிரிஞ்ச் போட்டுப் பழைய ஆயிலை உறிஞ்சி, அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு, புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள். டப்பாவில் இருக்கும் கறுப்பு ஆயில் முழுவதையும் குழாய்கள் வழியாகத் தள்ளித் தொலைக்க வேண்டாம், நேரம் பாதியாகக் குறையும். அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) ஓட்டை தெரியும்படி மட்டும் உறிஞ்சக் கூடாது.

சக்கர வரிசை: மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானது முதலில். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் பக்கம், வலதில் இருக்கு. எனவே இடது பின், வலது பின், இடது முன், வலது முன்.

நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அப்புறம் நிப்பிள் முனையில் டியூப்பைச் செருகுங்கள். டியூப்பை நேராகக் கீழே தொங்கவிடாமல் ஒரு சாண் மேலே தூக்கி வளைத்து, அப்புறம் பாட்டிலுக்குள் இறக்குங்கள். பாட்டில் அடியில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி, டியூப் முனை அதில் முங்கி இருக்கணும். நிப்பிளுக்கு மேலே டியூப்பில் ஆயில் நிற்பதால் காற்று திரும்ப உள்ளே போகாது.

பெடலில் இருப்பவருக்கு மூன்றே சொல் பழக்கிவிடுங்கள்: "அமுக்கு", "பிடி", "விடு". எஞ்சின் ஆஃப். அவர் மெதுவாக அமுக்கிப் பிடிக்கிறார், "பிடிச்சிருக்கேன்" என்று சொல்கிறார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். பெடல் இறங்கும், ஆயில் வரும். பெடல் அடியில் நிற்கும்போதே நிப்பிளை மூடிவிட்டு, அப்புறம்தான் "விடு". நிப்பிள் திறந்திருக்கையில் பெடலை விட்டால் மொத்தக் காற்றும் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஏர் எடுக்க உட்கார்ந்து ஏர் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு இடத்தில்தான் தவறுகிறார்கள்.

வேகமாக அடித்து அடித்து அமுக்கச் சொல்லாதீர்கள். பெரிய குமிழி உடைந்து நுரையாகிவிடும், அது வெளியே வர நேரம் பிடிக்கும்.

இடது பின்சக்கரத்தில் ஏறக்குறைய 200 மி.லி. வெளியே வந்தால் நிறம் மாறும். வலது பின் 150, முன்சக்கரம் ஒவ்வொன்றும் 100 போதும். அளவு ஒரு குறிப்புக்குத்தான், டியூப்பில் தெரியும் நிறம்தான் முடிவு. ஏழெட்டு முறை அமுக்கியதும் டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே போகவே கூடாது.

கடைசியில் நிப்பிளை இறுக்கும்போது தொங்க வேண்டாம். சின்ன ஸ்க்ரூ, 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் சரியாக இருக்கும். ரப்பர் மூடியைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாததால்தான் உங்கள் நிப்பிள் துருப்பிடித்திருக்கிறது.

---

குறுக்குலைன்

மேலே சொன்னதில் எல்லாம் சரி, வரிசையில் மட்டும் ஒரு மறுப்பு. "தூரமானது முதலில்" என்பது முன்சக்கரம் இரண்டும் ஒரு லைன், பின்சக்கரம் இரண்டும் ஒரு லைன் என்று இருந்த காலத்து வழக்கம். முன்சக்கர இழுவை உள்ள சின்ன கார்கள் பெரும்பாலும் குறுக்கு லைன். இடது பின்னும் வலது முன்னும் ஒரு ஜோடி, வலது பின்னும் இடது முன்னும் இன்னொரு ஜோடி. ஒரு லைன் போனாலும் ஒரு முன்சக்கரமாவது பிடிக்கட்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு ஜோடியை முடித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போவதுதான் முறை: இடது பின், வலது முன், வலது பின், இடது முன். சர்வீஸ் புத்தகத்தில் வேறு வரிசை போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்றணும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெறும் ஆயில் மாற்றும்போது லைனில் காற்றே நுழையாது என்றால் வரிசை பெரிய விஷயம் இல்லை. நாலு சக்கரத்திலும் புது ஆயில் நிறம் வந்தால் சரி. டப்பா காலியாகிக் காற்று இறங்கிவிட்டாலோ, மாஸ்டர் சிலிண்டர் மாற்றினாலோதான் வரிசை முக்கியம். அப்படி ஆகிவிட்டால் நேராகச் சக்கரத்துக்குப் போகாமல், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாய் நட்டை இதே "அமுக்கு, பிடி, விடு" கணக்கில் ஒவ்வொன்றாகத் தளர்த்தி அங்கே காற்றை எடுத்துவிட்டு வாருங்கள். கீழே துணி நிறைய வையுங்கள், அந்த நட்டுக்கு ஓப்பன் ஸ்பேனர் போட்டு முனையை மழுங்கடிக்காதீர்கள்.

முக்கியமான ஒன்றை திருகாணி சொல்லவில்லை. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், பெடல் முழுசாகத் தரையைத் தொடாதபடி. பத்து வருஷ வண்டியில் தினசரி பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய்வந்திருக்கும். அதற்கு அப்பால் சிலிண்டர் சுவரில் ஈரத்தால் சொரசொரப்பும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கிற சாக்கில் கடைசி வரை மிதித்தால் ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். "ஆயில் மாற்றினேன், மறுநாளே மாஸ்டர் போச்சு" என்று புலம்புகிறவர்கள் ஆயிலைத் திட்டுவார்கள். காரணம் இதுதான்.

ஏபிஎஸ் உள்ள வண்டி வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு: ஆயில் மாற்ற மட்டும் என்றால் இதே முறை போதும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் மட்டும் ஸ்கேனர் மாட்டி உள்ளே இருக்கும் வால்வுகளையும் பம்பையும் ஓடவிட்டு எடுக்க வேண்டியிருக்கும், அதை வீட்டில் மிதித்து மிதித்து எடுக்க முடியாது. எனவே உங்களுக்கு டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். கிளட்ச்சும் ஹைட்ராலிக் ஆக இருக்கும் சில கார்களில் இரண்டுக்கும் ஒரே டப்பா. பிரேக்கை முடித்துவிட்டு கிளட்ச் நிப்பிளையும் திறந்து பழையதை வெளியேற்றுங்கள்.

---

பின்டிரம்

துரு நிப்பிளைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால் வேலையே அங்கேதான்.

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டில், வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும். நடுவில் ஓட்டை உள்ள மெல்லிய ஸ்க்ரூ என்பதால் முறுக்கினால் கழுத்தில் உடையும். இன்றைக்கு இரவே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விட்டுவிடுங்கள். நாளை காலையில் இன்னொரு முறை. ஓப்பன் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் இரண்டையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஆறு முனை ரிங் அல்லது சாக்கெட் மட்டும். பன்னிரண்டு முனை ரிங் துரு நிப்பிளில் வழுக்கும்.

ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்குகிற திசையில் ஒரு துளி அசையுங்கள். அப்புறம் தளர்த்துகிற திசையில். ஸ்பேனர் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே முயலுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டால் நிப்பிள் கழன்றது. சத்தமில்லாமல் வெண்ணெய் மாதிரி சுற்றினால் கழுத்து முறுகுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். டார்ச் வைத்துச் சூடு காட்டலாமா என்று கேட்பார்கள். உள்ளே ரப்பர் கப் இருக்கு, ஆயிலும் தீப்பிடிக்கும். வேண்டாம்.

உடைந்தால் உலகம் முடியவில்லை. புது வீல் சிலிண்டர் நிப்பிளோடு வரும். உடைந்ததைத் துளை போட்டு எடுக்கிற நேரத்தில் புதிதை மாட்டிவிடலாம். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். வால்பாறைக்கு முந்தின நாள் மாலை இந்த வேலையில் உட்காராதீர்கள், ஒரு வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மைக் கழற்றிப் பார்க்கிற எண்ணம் இருந்தால் ஏர் எடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள். வீல் சிலிண்டர் ரப்பரின் ஓரத்தை லேசாகத் தூக்கினால் உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஏர் எடுத்துப் பயனில்லை, சிலிண்டரை மாற்றணும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். ரப்பர் கப்பைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். உப்பி, சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும். உலோகப் பாகத்தைத் துடைக்க பிரேக் கிளீனர், ரப்பரைக் கழுவப் புது பிரேக் ஆயில். வேறு எதுவும் வேண்டாம்.

---

ஈரோடு_நாலுசக்கரம்

நன்றி அண்ணே, எல்லோருக்கும். கட்டை வைத்து, குறுக்கு வரிசையில் செய்தேன். நிப்பிள் நாலும் உடையாமல் கழன்றது. இரண்டு சந்தேகம்.

வலது பின்சக்கரத்தில் நிப்பிளைத் திறந்தாலும் ஆயில் வரவில்லை, பெடலும் இறங்கவில்லை, கல் மாதிரி நிற்கிறது. மற்ற மூன்றும் தெளிவாக வந்துவிட்டது. அடுத்து, முதல் மிதியில் பெடல் பாதிக்குக் கீழே போகிறது, உடனே இரண்டாவது மிதித்தால் மேலே நிற்கிறது. இன்னும் ஏர் இருக்கா?

---

பின்டிரம்

தம்பி, முதல் கேள்விக்கு: நிப்பிளின் ஓட்டை துருவில் அடைத்திருக்கும். முழுசாகக் கழற்றி (ஆயில் சொட்டும், கீழே பாத்திரம் வையுங்கள்) நடு ஓட்டையிலும் பக்கவாட்டு ஓட்டையிலும் மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, ஊதிப் பாருங்கள். இரண்டு ஓட்டையும் பார்வைக்குத் தெரியணும். நிப்பிள் வெளியே இருக்கும்போதே ஆயில் தானாகச் சொட்டினால் லைன் நன்றாக இருக்கு, நிப்பிளைத் திரும்பப் போட்டு வேலையைத் தொடருங்கள். அப்போதும் சொட்டவில்லை என்றால் பின்பக்கம் வளையும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கலாம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி தெரியும். அந்த ஹோஸை மாற்றித்தான் ஆகணும், அதோடு மலைக்குப் போகாதீர்கள்.

---

திருகாணி

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பலர் வழி தவறிப்போய் இன்னும் ஒரு லிட்டரை வீணடிப்பார்கள்.

பெடல் மெத்து மெத்தென்று ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் ஏர். மேலே வந்தபின் கெட்டியாக நின்று, முதல் மிதி மட்டும் ஆழமாகப் போனால் அது பெரும்பாலும் பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இருக்கும் இடைவெளி. முதல் மிதி ஷூவை டிரம் வரை கொண்டுபோவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஷூ பின்வாங்குவதற்குள் இரண்டாவது மிதி விழுவதால் மேலே பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டே பெடலை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியே மேலே நின்றால் சந்தேகமே வேண்டாம், ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான். டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டர் துருவில் நின்றுவிட்டதா என்று பாருங்கள், சுத்தம் செய்து ஷூவை நெருக்குங்கள். சக்கரம் சுற்றும்போது லேசான உரசல் சத்தம் மட்டும் வந்தால் போதும். ஹேண்ட்பிரேக் கேபிளை இழுத்துக் கட்டி இதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள்.

அடைத்த நிப்பிளை முதலில் முடித்துவிட்டுப் பிறகு இதைப் பாருங்கள். அந்தச் சக்கரத்தில் இன்னும் பழைய ஆயில்தான் இருக்கு.

எல்லாம் முடிந்ததும் சோதனை: எஞ்சின் ஆஃபில் நாலைந்து முறை மிதித்து பூஸ்டரை (மிதிக்குப் பலம் கூட்டித் தரும் பாகம்) காலி செய்துவிட்டு, பலமாக மிதித்து ஒரு நிமிஷம் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. நாலு நிப்பிளும் காய்ந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கப் உள்ளுக்குள் விடுகிறது. இறங்காமல் நின்றால், காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு விரல் அளவு இறங்கி நிற்கும், அது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், பயப்பட வேண்டாம். அப்புறம் தெருவிலேயே நடை வேகத்தில் பிடித்துப் பாருங்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று.

---

குறுக்குலைன்

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், எஞ்சின் ஆயில் டப்பாவிலும் கலக்காதீர்கள். தனியாக மூடி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கும் மூலையில் அதை வைக்கவே வேண்டாம். பிரேக் ஆயிலும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே தீப்பற்றும்.

டப்பாவை மேல் கோடு வரை நிரப்பி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அப்புறம் எப்போதாவது முன் பேட் மாற்றும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவீர்கள், ஆயில் வழிந்து பெயின்ட்டில் கொட்டும். தள்ளுவதற்கு முன் சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். இடையில் அளவு மெதுவாகக் குறைந்தால் பேட் தேய்கிறது என்று அர்த்தம், ஊற்றி ஊற்றிச் சமன் செய்யாதீர்கள். பேட்டைப் பாருங்கள். சட்டென்று குறைந்தால் கசிவு, வண்டியை எடுக்கவே வேண்டாம்.

---

ஈரோடு_நாலுசக்கரம்

நிப்பிள் ஓட்டைதான் அடைத்திருந்தது, குத்தி எடுத்ததும் கறுப்பாகக் கொட்டியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டு மிதித்தால் முதல் மிதியே மேலே நிற்கிறது. டிரம் வரமாட்டேன் என்கிறது, அதற்கு ஏதாவது வழி?

---

பின்டிரம்

டிரம் முகத்தில் திருகு மரையோடு இரண்டு சின்ன ஓட்டை இருக்கும், பாருங்கள். அதில் 8 மி.மீ. போல்ட் இரண்டு பொருந்தும். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, இரண்டையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள், டிரம் தானாகவே முன்னுக்கு வரும். ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கினால் டிரம் கோணலாகி இன்னும் சிக்கும். விளிம்பில் சுத்தியலால் அடிக்க வேண்டாம், வார்ப்பிரும்பு, துண்டு பெயரும்.